பறி

பூங்காவனத்தின் முகத்தை
ஓட்டத்தின் நடுவில் நான் பார்த்ததில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகு.
ஊக்கு குத்திய நூற்றுப் பதினான்கு,
ஒரு மூலை கழன்று காற்றில் அடிக்கும்.
பதினோரு வருடம் அதைத்தான் துரத்தினேன்.

தண்டையார்பேட்டை மண் மைதானம், மாவட்டப் போட்டி.
காலில் ஒன்றுமில்லை அவளுக்கு.
சுண்ணாம்புக் கோட்டை மிதிக்கக் கூடாதென்று
யாரோ சொல்லியிருக்க வேண்டும்,
குனிந்து கோட்டையே பார்த்தபடி நின்றாள்.
துப்பாக்கி வெடித்தது.
நாங்கள் ஓடினோம். அவள் போய்விட்டாள்.
பி.டி. மாஸ்டர் ஸ்டாப்வாட்சைத் தட்டிப் பார்த்தார்,
ரிப்பேர் என்று நினைத்து.

மறுநாள் பேப்பரில் படம்.
பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைத்து.
கீழே 'ஆவேசம்' என்று போட்டிருந்தார்கள்.
நானும் அப்படித்தான் நம்பினேன்,
ஒரு ஞாயிறு அவளோடு
எண்ணூர் முகத்துவாரம் போகும்வரை.

இடுப்பளவுத் தண்ணீர்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
பாலாடை மாதிரி மேலே ஒதுங்க,
அவள் அம்மாவும் சித்தியும்
சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவினார்கள்.
இறாலுக்கு இரண்டு கையும் வேண்டும்.
பிடித்ததைப் போட ஓலைப் பறி,
பறியைப் பிடிக்கப் பல்.
யாரும் பேசவில்லை. வாய் திறந்தால்
அன்றைக்குச் சோறு ஆற்றோடு போகும்.
பூங்காவனமும் இறங்கினாள்,
பறியைக் கடித்தாள்.
பேப்பரில் வந்த அதே முகம்.

திருச்சி. ஹைதராபாத். பல் கிட்டும் குளிரில் பாட்டியாலா.
பதினொன்று புள்ளி எட்டு ஒன்று.
பதக்கங்களைக் கூரைக் கீற்றில் செருகி வைத்திருந்தாள்.
தலைக்கு மேலே கம்பி கம்பியாய்
ஊருக்கெல்லாம் கரண்ட் போகும்,
குடிசைக்குள் சிம்னி விளக்கு.

ரயில்வேயில் ஓர் இடம் வந்தது.
சாதிச் சான்றிதழ் கேட்டார்கள்.
பொன்னேரியில் அதிகாரி
அவளை ஏற இறங்கப் பார்த்தார்.
"இருளச்சி ஸ்பைக்ஸ் போடுவாளா?
பாம்பு பிடிக்கத் தெரியுமா? எலி?"
"ஓடத் தெரியும் சார்."
அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எட்டு முறை பஸ் ஏறினாள்.
கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை.
அடுத்த வாரம் எனக்குக் கடிதம் வந்தது:
முதலாமவர் ஆவணம் தராததால்.
வாங்கிக்கொண்டேன்.
அப்பாவுக்கு ஹார்பரில் கால் போயிருந்தது,
ராயபுரத்தில் வாடகை மூன்று மாத பாக்கி
என்றெல்லாம் இங்கே எழுதலாம்.
வாங்கிக்கொண்டேன்.

ரயில்வே பனியனில் நான் ஓடினேன்.
அவள் பனியனில் எந்தப் பெயரும் இல்லை.
அப்போதும் முதுகுதான் எனக்கு,
இன்னும் நான்கு வருடம்.

பிறகு நேரு ஸ்டேடியத்தில், அறுபதாவது மீட்டரில்
அவள் தொடையில் ஏதோ அறுந்தது.
சத்தம் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.
தாண்டினேன். தாண்டும்போது திரும்பினேன்,
ஓட்டக்காரி செய்யக் கூடாதது.
அவள் வாய் திறந்திருந்தது.

அந்தத் தங்கம் என்னிடம் இருக்கிறது.
எங்கே என்று தேட வேண்டும்.

போன மாசம் திருவொற்றியூர் கவுன்ட்டரில்
வளையல் போட்ட ஒரு கை நூறு ரூபாயை நீட்டியது.
"அத்திப்பட்டு ரெண்டு."
பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்.
"டெல்பினா, நீயா!"
சான்றிதழ் வந்துவிட்டதாம், முப்பத்தொன்றாம் வயதில்.
"லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன்" என்று சிரித்தாள்.
"இவளுக்கு உதவும்."

என்ன பேசுவதென்று தெரியாமல்
மீதியை எண்ணித் தள்ளினேன்.
பின்னால் வரிசை முனகியது.
டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையாலும் சில்லறை எண்ணினாள்,
பத்து ரூபாய் அதிகம் என்று
துளை வழியே திருப்பித் தள்ளினாள்.

வண்டி ஊதியது.
மகள் ஓடினாள்.
அவள் நடந்தாள், ஒரு காலை லேசாகச் சாய்த்து.